செக் எஞ்சின் லைட்டும் எலக்ட்ரிக்கல் கோடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர், போனில் ஒரு கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் கோளாறுக் குறியீடு, code), "இதுக்கு எந்த பார்ட் மாத்தணும்?" என்று ஒரு கேள்வி. கார் எலக்ட்ரிக்கல் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கோடுகளின் எழுத்துகளைத் தமிழிலேயே தருகிறேன். ஸ்கேனரில் ஆங்கில எழுத்தில் தெரியும்.

1. செக் எஞ்சின் லைட் எரியுது, ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது. ஓட்டலாமா, நிறுத்தணுமா?

லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் லைட் நிலையாக எரிகிறது, பிக்கப்பிலும் சத்தத்திலும் வித்தியாசம் இல்லை என்றால் வீடு வரை ஓட்டிப் போகலாம். இரண்டு மூன்று நாளுக்குள் ஸ்கேன் செய்தால் போதும். அதே லைட் விட்டுவிட்டு மின்னினால் விஷயம் வேறு. எஞ்சின் கடுமையாக மிஸ்ஸிங் அடிக்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) எரிந்து அதைக் கெடுத்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் ஒரு காயிலோடு முடிகிற செலவைக் கன்வெர்ட்டர் வரைக்கும் கொண்டுபோக வேண்டாம்.

பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. பல கார்களில் ஆல்டர்நேட்டரைச் சுற்றுகிற அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். அதனால் உடனே டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள்.

2. இந்த கோடுல ஒரு எழுத்து, நாலு நம்பர் வருதே. அதுக்கு என்ன அர்த்தம்?

முதல் எழுத்து வண்டியின் எந்தப் பகுதி என்று சொல்கிறது. பி என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ். சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் போன்ற சேசிஸ் பகுதி. யு என்றால் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க். ஏர்பேக், ஏசி, கதவு, விளக்கு சமாசாரமெல்லாம் பாடி கோடு. அந்த எழுத்தும் தமிழில் 'பி' என்றே வரும் என்பதால் இங்கே பாடி கோடு என்றே எழுதுகிறேன்.

அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. அதனால் 1-இல் தொடங்கும் கோட்டுக்கு இணையத்தில் கிடைக்கிற விளக்கம் வேறு கம்பெனி வண்டிக்கானதாக இருக்கலாம், கவனம். எஞ்சின் கோடுகளில் அதற்கு அடுத்த இலக்கமும் துப்புக் கொடுக்கும்: 1, 2 என்றால் காற்று, எரிபொருள், 3 என்றால் இக்னிஷன், மிஸ்ஸிங், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 6 என்றால் கம்ப்யூட்டரும் அதன் அவுட்புட்டும், 7 என்றால் கியர்பாக்ஸ்.

3. என் வண்டியில ஸ்கேனர் போட முடியுமா? எங்க சொருகணும்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம் கை விட்டுப் பாருங்கள். 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். சிலவற்றில் பியூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே ஓபிடி-2 (இந்த சாக்கெட்டுக்கும் கோடுகளுக்குமான பொது முறை) கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து தயாரான பிஎஸ்-4 கார்களில் உண்டு. அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும் சாதாரண ஸ்கேனர் பேசும் என்று உறுதி இல்லை.

4. ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் போதுமா?

எஞ்சின் கோடு படிக்க, அழிக்க, லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்கள்) பார்க்கப் போதும். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), ஏர்பேக் கோடுகளை அது பெரும்பாலும் காட்டாது. "ஸ்கேன் பண்ணேன், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு ஏபிஎஸ் லைட்டோடு வருகிறவர்கள் நிறைய. அந்த லைட்டுக்கு எல்லா மாட்யூலோடும் (ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள தனிக் கம்ப்யூட்டர்) பேசுகிற ஸ்கேனர் வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் போனோடு இணையும் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும். மாட்டியபடியே விட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது செல்ஃப் எடுக்காமல் போகலாம்.

5. கோடுல 'ஆக்சிஜன் சென்சார்'னே வருது. அதை மாத்திட்டா சரியாயிடும்தானே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற கேள்விகளையும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த சர்க்யூட்டில் தான் எதிர்பார்த்தது வரவில்லை என்பதை மட்டும்தான் கம்ப்யூட்டர் கோடாக எழுதிவைக்கிறது. அந்த சர்க்யூட்டில் சென்சார் ஒரு துண்டு. அதற்குப் போகிற பியூஸ், ரிலே (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்), ஒயர், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி), எர்த் (பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழி) எல்லாமே மற்ற துண்டுகள்.

பி0135 என்பது முதல் ஆக்சிஜன் சென்சாரின் (புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பது) ஹீட்டர் சர்க்யூட். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பியூஸ் போயிருந்தாலும் இதே கோடுதான் வரும். சென்சார் கப்ளரைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது ஹீட்டர் ஒயரில் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா என்று மீட்டர் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வராவிட்டால் புது சென்சார் போட்டும் பிரயோஜனம் இல்லை.

பி0171 கதை இன்னும் வேடிக்கை. 'காற்று அதிகம், பெட்ரோல் குறைவு' என்று அர்த்தம். கண்டுபிடித்துச் சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். எங்கேயோ வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கும், பியூயல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கும். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். புதுசும் அதையேதான் சொல்லும்.

6. சரி, அப்படின்னா முதல்ல எதைப் பார்க்கணும்?

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், கோடு பிறகு பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி வலுவிழந்துவிட்டது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் வர வேண்டும். புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும். அவற்றில் சில நேரம் 13-க்குக் கீழே தெரிந்தாலும் பதற வேண்டாம். பி0562 என்பது வோல்டேஜ் குறைவு, பி0563 என்பது அதிகம். வேறு கோடுகளோடு இவையும் இருந்தால் இவற்றைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்தது பியூஸ். கழற்றிக் கண்ணால் பார்ப்பதை விட, சொருகியபடியே அதன் முதுகில் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளிலும் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பியூஸ் அவுட். போன பியூஸின் ஆம்பியரையே போட வேண்டும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 போகிற இடத்தில் 20 போட்டால் அடுத்த முறை எரிவது ஒயரிங்தான். வெள்ளித் தாளைச் சுற்றிச் சொருகுகிறவர்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

பிறகு கப்ளர். லாக் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் பின்னால் தள்ளிப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சர்வீஸுக்குப் போய் வந்த மறுநாளே வருகிற கோடு, பெரும்பாலும் சரியாக மாட்டாத கப்ளர்தான்.

7. எர்த் போல்ட் நல்லா டைட்டா இருக்கு. அப்புறமும் எர்த் பிரச்சினைன்னு எப்படி சொல்றீங்க?

போல்ட் டைட்டாக இருக்கலாம். அதன் அடியில் பெயின்ட், துரு, எண்ணெய் இருக்கலாம். மீட்டரில் ஓம் (ரெசிஸ்டன்ஸ் அளவு) வைத்துப் பார்த்தால் நன்றாகவே காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது மிகக் குறைந்த கரண்ட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகும்போதுதான் குறை வெளியே வரும். அதனால் லோடு கொடுத்து வோல்டேஜ் டிராப் (வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது) பார்க்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கருப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. 0.5-ஐத் தாண்டினால் பேட்டரி மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கேயோ தடை இருக்கிறது. இப்போது கருப்பு முனையைக் கம்பத்திலிருந்து கிளாம்புக்கு, அங்கிருந்து பாடி போல்ட்டுக்கு என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த மூட்டுதான் கோளாறு. கழற்றி, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மாட்டிய பிறகு கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் இந்த வேலைக்குக் குறைவே இல்லை.

சென்சார் எர்த்துக்கும் இதே முறைதான். ஆனால் அங்கே எஞ்சின் ஓடும்போது 0.1 வோல்ட் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். 5 வோல்ட்டில் வேலை செய்கிற சென்சாருக்கு அது பெரிய பொய்.

8. 'சர்க்யூட் ஹை'ன்னு வருது. அப்படின்னா சூடு ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?

இல்லை. ஹை, லோ எல்லாம் வோல்டேஜைச் சொல்கிறது. பி0118 என்பது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் சிக்னல் வோல்டேஜ் அதிகம் என்று. இந்த சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற தெர்மிஸ்டர். கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும். ஒயர் கட் ஆனால் வோல்டேஜ் இறங்கவே இறங்காது. கம்ப்யூட்டர் அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொள்ளும். மதுரையில் சித்திரை மாத மத்தியானத்தில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டினால் எங்கேயோ சர்க்யூட் திறந்திருக்கிறது. ஷார்ட் ஆனால் நேர்மாறு: பி0117, நூற்றுக்கு வெகு மேலே சூடு.

இதை வைத்தே ஒயரா சென்சாரா என்று பிரித்துவிடலாம். லைவ் டேட்டாவில் டெம்பரேச்சரைத் திறந்துவைத்து, சாவியை ஆன் செய்து, இரண்டு ஒயர் உள்ள அந்த சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 வர வேண்டும். பிறகு கப்ளரின் இரண்டு துளைகளையும் மெல்லிய கம்பியால் இணையுங்கள். எண் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் சரி, சென்சார்தான் போயிருக்கிறது. நடக்காவிட்டால் சென்சாரைத் தொடாதீர்கள், ஒயரைத் தேடுங்கள். மூன்று ஒயர் சென்சாரில் இந்தக் கம்பி வித்தையைச் செய்யவே கூடாது. அங்கே 5 வோல்ட் சப்ளையை எர்த்தோடு சேர்த்துவிடுவீர்கள்.

9. மிஸ்ஸிங் அடிக்குது, பி0301 வருது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா?

கடைசி இலக்கம் சிலிண்டர் எண். பி0301 முதல் சிலிண்டர், பி0303 மூன்றாவது. பி0300 என்றால் எல்லாவற்றிலும் மாறி மாறி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கிற வண்டியில் முதல் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோட்டை அழித்து, கொஞ்சம் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில். பி0301-ஏ வந்தால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அதன் ஒயர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லை. மூன்று நான்கு பின் உள்ள காயிலுக்குள் எலக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் ஓம் வைத்து அதன் நல்லது கெட்டது சொல்ல முடியாது. இடம் மாற்றுவதுதான் நம்பகமான வழி.

பி0351 வந்தால் அது மிஸ்ஸிங் கோடு அல்ல, முதல் காயிலின் சர்க்யூட் கோடு. கப்ளரில் சப்ளை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காயிலுக்குப் போங்கள். இதே இடமாற்ற வித்தை ரிலேவுக்கும் செல்லும்: ஒரே எண் உள்ள ஹாரன் ரிலேவைக் கழற்றி பியூயல் பம்ப் ரிலே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

10. திடீர்னு ஏழெட்டு கோடு ஒண்ணா வந்துடுச்சு. எல்லா சென்சாரும் ஒரே நாள்ல போகுமா?

போகாது. அவற்றுக்குப் பொதுவாக இருக்கும் ஒன்றுதான் போயிருக்கும். முதல் சந்தேகம் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரிந்தால் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக மயங்கி, மற்றவை அவற்றைக் காணோம் என்று கோடு போட்டுவிடும். 6-ஆம் பதிலில் சொன்னபடி பேட்டரியை முடித்து, எல்லாவற்றையும் அழித்து, ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருவதை மட்டும் கவனித்தால் போதும்.

இரண்டாவது சந்தேகம் 5 வோல்ட் லைன். த்ராட்டில், மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் பார்ப்பது), ஆக்சிலேட்டர் பெடல், ஏசி பிரஷர் சென்சார் என்று பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாமே 'லோ' என்று கத்தும். பி0641, பி0642 கூடவே இருந்தால் ஏறக்குறைய உறுதி. சாவி ஆன் செய்து, ஏதாவது ஒரு சென்சார் கப்ளரில் 5 வோல்ட்டை மீட்டரில் பார்த்தபடி, அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி எழுகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் எழவில்லை என்றால் ஒயர் எங்கேயோ உரசி எர்த் ஆகிறது.

11. ஏர்பேக் லைட் எரியுது. நானே பார்க்கலாமா?

பார்க்கலாம், தொட வேண்டாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் தெரியும். உள்ளே வேக்குவம் போட்டுச் சுத்தம் செய்யும்போதும், சீட்டைத் தள்ளும்போதும் அது இழுபடும். இன்னொரு அடையாளம்: ஏர்பேக் லைட்டோடு ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கிற கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கும்.

ஏர்பேக் ஒயரில் ஓம் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் கரண்ட் ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். வேலை செய்கிறவர் பேட்டரி மைனஸைக் கழற்றி, கம்பெனி சொன்ன நிமிடங்கள் காத்திருந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் அதிக வோல்டேஜ் போகிற ஆரஞ்சு கேபிள்களையும் இதே போலத் தொடாதீர்கள்.

12. ஸ்கேனரே கனெக்ட் ஆகல. கம்ப்யூட்டர் போச்சா?

மொபைல் சார்ஜர் சொருகும் 12 வோல்ட் சாக்கெட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அதற்கும் ஸ்கேனர் சாக்கெட்டுக்கும் ஒரே பியூஸ். யாரோ சில்லறையை உள்ளே போட்டு பியூஸ் போயிருக்கும். பிறகு 16-ஆம் பின்னில் 12 வோல்ட்டும் 4, 5-ஆம் பின்களில் எர்த்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தும் பேசவில்லை என்றால் அடுத்த கேள்வி.

13. யு0100, யு0121ன்னு வருது. 'கம்யூனிகேஷன் லாஸ்ட்'னா எந்த மாட்யூல் மாத்தணும்?

யு0100 என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரின் குரல் கேட்கவில்லை. யு0121 என்றால் ஏபிஎஸ்ஸின் குரல். இதை எழுதிவைத்தது காணாமல்போன மாட்யூல் அல்ல, காத்திருந்த இன்னொன்று. எந்தெந்த மாட்யூலில் கோடு இருக்கிறது, எது ஸ்கேனருக்கே பதில் சொல்லவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றுதான் மௌனம் என்றால் அதன் பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடியும். எல்லாமே மௌனம் என்றால் கேன் லைனை, அதாவது மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர்களை, சந்தேகிக்கலாம்.

பேட்டரி மைனஸைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, ஸ்கேனர் சாக்கெட்டின் 6-க்கும் 14-க்கும் நடுவில் ஓம் பாருங்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டித்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது ஒரு மாட்யூல் உள்ளே ஷார்ட். அப்போது மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 10-ஆம் பதிலில் 5 வோல்ட்டுக்குச் செய்தது போலவே தேட வேண்டும். நடுவில் கேட்வே மாட்யூல் (சாக்கெட்டுக்கும் உள் லைன்களுக்கும் இடையே வாசல் போல நிற்பது) இருக்கிற புது வண்டிகளில் இந்த சாக்கெட்டில் லைன் முழுவதும் தெரியாது. ஒயரிங் படம் இல்லாமல் இறங்காதீர்கள்.

14. எலி ஒயரைக் கடிச்சிடுச்சு. டேப் சுத்தினா போதாதா?

எஞ்சின் சூட்டில் டேப் பசை இளகி, சில மாதத்தில் கழன்றுவிடும். சரியான கிரிம்ப் ஸ்லீவ் போட்டோ சால்டர் செய்தோ இணைத்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஒயர்களின் மூட்டுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டால் கட்டி தடிக்காது. கேன் ஒயர் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியபடி வரும். இணைத்த பிறகும் முறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரைச்சலை உள்ளே இழுக்கும். கடித்த இடம் ஒன்று கண்ணில் பட்டால் இன்னும் இரண்டு இருக்கும் என்று நினைத்து முழு ஒயரிங்கையும் தடவிப் பாருங்கள்.

எலி வராமலிருக்க ஸ்பிரே, புகையிலை, பினாயில் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு எதிலும் பெரிய நம்பிக்கை இல்லை. வண்டியை அடிக்கடி எடுத்து ஓட்டுவதும், பக்கத்தில் குப்பையும் தீனியும் போடாமலிருப்பதும்தான் உருப்படியான வழி.

15. வெள்ளத்துல நின்ன வண்டி. அப்ப ஒண்ணும் ஆகல, இப்ப ஒவ்வொண்ணா கோடு வருது. ஏன்?

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இந்தக் கேள்வி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் வடிந்துவிடும், ஈரம் வடியாது. கார்ப்பெட்டுக்கு அடியில் போகிற ஒயர்க் கட்டிலும் கப்ளரிலும் தங்கி, செம்பைப் பச்சையாக அரிக்கும். ஒயரின் இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறி, நனையாத இடம் வரை போகும்.

கார்ப்பெட்டைத் தூக்கி, முன் சீட்டுகளின் அடியிலும் கதவுப் படிக்கட்டின் ஓரத்திலும் இருக்கிற கப்ளர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி மாட்டுங்கள். பச்சை பூத்த பின்னைச் சுரண்டி மட்டும் விடாதீர்கள். அது திரும்பப் பூக்கும், மாற்றுங்கள். அடுத்த மழைக்கு ஒன்று: உள்ளே தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். முடிந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டோ செய்யச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத ஈரம் மெதுவாகத்தான் அரிக்கும்.

16. கோடு ஒரு நாள் வருது, மறுநாள் காணோம். பட்டறைக்குப் போனா வரவே மாட்டேங்குது!

கோட்டை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படியுங்கள். கோடு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். எப்போதும் சூடான பிறகே வருகிறதா, வேகத் தடையில் ஏறும்போதா, மழையிலா? அந்தச் சூழ்நிலையைப் பட்டறையில் உண்டாக்க வேண்டும். லைவ் டேட்டாவைப் பார்த்தபடி ஒயரிங்கை ஆட்டுங்கள், கப்ளரை அசையுங்கள், சந்தேகப்பட்ட சென்சாருக்கு ஹேர் டிரையர் காட்டுங்கள். எண் துள்ளுகிற இடம்தான் இடம்.

சூடானதும் ஓடும்போதே எஞ்சின் நின்று, அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கிற வண்டியில் எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள், பி0335. நின்ற அந்த நேரத்திலேயே ஸ்கேனரில் ஆர்பிஎம் பார்த்தபடி செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால் அந்த சென்சாரோ அதன் ஒயரோதான்.

17. பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டினா கோடு போயிடும்ல?

பல வண்டிகளில் போகும், கோளாறு போகாது. கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும், அதாவது 16-ஆம் பதிலில் சொன்ன துப்பு. ஐட்லிங் செட்டிங், பவர் விண்டோ, ஸ்டீரியோ பாஸ்வேர்டு என்று புதுத் தலைவலிகள் வரும். எஞ்சின் ஓடும்போது கழற்றுவது இன்னும் மோசம்: ஆல்டர்நேட்டர் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி எலக்ட்ரானிக்ஸைப் பலி வாங்கும். 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்க்க இப்படிச் செய்கிற பழக்கம் பழைய அம்பாசடர் காலத்தோடு போயிருக்க வேண்டும்.

கோளாறைச் சரிசெய்துவிட்டால் நீங்கள் அழிக்காவிட்டாலும், பொதுவாக மூன்று தொடர் ஓட்டங்களில் தவறு தெரியாவிட்டால் லைட் தானாக அணையும். கோடு மட்டும் இன்னும் சில காலம் நினைவில் இருக்கும்.

18. எல்இடி ஹெட்லைட், ரிவர்ஸ் கேமரா, சிஎன்ஜி கிட் போட்ட பிறகுதான் கோடு வருது. சம்பந்தம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். எல்இடி குறைந்த கரண்ட் எடுப்பதால் சில வண்டிகளின் பாடி கம்ப்யூட்டர் பல்ப் அவுட் என்று நினைக்கும். ஒயரை அறுக்காமல் கிளிப் அமுக்கி எடுத்த கனெக்ஷன்கள் நாள்பட்டால் அரிக்கும். சிஎன்ஜி, எல்பிஜி கிட் இன்ஜெக்டர் ஒயரை வெட்டித்தான் நடுவில் நுழைகிறது. பி0201 போன்ற இன்ஜெக்டர் சர்க்யூட் கோடு வந்தால் முதலில் அந்த மூட்டுகளைப் பாருங்கள். கேஸில் மட்டும் பி0171 வந்து பெட்ரோலில் வராவிட்டால் கிட் டியூனிங். எதுவானாலும், பிறகு சேர்த்ததை முழுசாகக் கழற்றி, கம்பெனி ஒயரிங்கை முன்பு போலாக்கிய பிறகு ஸ்கேன் செய்தால் சண்டை சீக்கிரம் முடியும்.

19. ஈசிஎம் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. நம்பலாமா?

ஈசிஎம் என்பது எஞ்சின் கம்ப்யூட்டர். அது போவது உண்டு, தண்ணீர் புகுந்த வண்டியிலும் தப்பான ஜம்ப் ஸ்டார்ட்டிலும். ஆனால் சொல்லப்படுகிற அளவுக்குப் போவதில்லை. அப்படிச் சொல்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஈசிஎம்முக்கு வருகிற எல்லா சப்ளையையும் எர்த்தையும் லோடு போட்டுப் பார்த்தீர்களா? மெயின் ரிலே பார்த்தீர்களா? 5 வோல்ட் லைனில் சென்சார்களைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஷார்ட் ஆன ஒயர் அப்படியே இருக்கப் புது ஈசிஎம் போட்டால் அதுவும் போகும். பழையது வாங்கிப் போடுவதானால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) சாவியோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் எடுக்காது.

பரிசோதிக்கிறவர் கையில் பல்ப் டெஸ்ட் லேம்ப் மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அது இழுக்கிற கரண்ட் ஈசிஎம்மின் சில சர்க்யூட்டுக்குத் தாங்காது. அங்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும்.

20. பழைய கார் வாங்கப் போறேன். ஸ்கேன் பண்ணா ஒரு கோடும் இல்ல. நல்ல வண்டிதானே?

காலையில்தான் அழித்திருக்கலாம். சாவியை ஆன் செய்து எஞ்சினை எடுக்காமல் பாருங்கள்: செக் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் லைட் மூன்றும் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ லைட்டைக் கழற்றியிருக்கிறார்கள். எரிந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுகள் சில நொடிகளில் தாமாக அணையும்; செக் எஞ்சின் லைட் பல வண்டிகளில் எஞ்சின் எடுத்த பிறகுதான் அணையும்.

பிறகு ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டரை, அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியலை, திறங்கள். கோடு அழித்தால் அந்தச் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று திரும்பிவிடும். சில நாள் சாதாரணமாக ஓடினால்தான் ஒவ்வொன்றாக முடியும். தினமும் ஆபீசுக்கு ஓடுகிற வண்டி என்று சொல்லப்படுகிற காரில் பாதி மானிட்டர் முடியாமல் இருந்தால் காரணம் கேளுங்கள். பல ஆப்களில் 'கோடு அழித்த பின் ஓடிய கிலோமீட்டர்' என்றும் ஒரு வரி வரும். அதில் 12 கிலோமீட்டர் என்று இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்னொரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யலாமா என்று கேளுங்கள்.